ஞாயிற்றுக்கிழமை மருமகள்

கேஸ் ஏஜென்சியில் எனக்கு வேலை ஃபோன் எடுப்பது. "சிலிண்டர் பதிவு பண்ணி ஒரு வாரமாச்சு, என்ன மேடம் பண்றீங்க அங்க?" என்று ஒருவர் கத்துவார். அவரைச் சமாதானம் செய்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால், "சார், அடுப்பு அணைஞ்சு கிடக்கு சார், கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க சார்" என்று ஒரு அம்மாள் கெஞ்சுவார். அதே நாற்காலி, அதே வாய், அதே ஆள்தான். நான் யாரையும் திருத்துவதில்லை. திருத்துவதற்கு எனக்கே விடை தெரிந்திருக்க வேண்டுமே!

முதலாளி என்னை உள்ளறையில் உட்கார வைத்தது என் திறமையைப் பார்த்து இல்லை. முன்மேசையில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம். அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நல்ல மனிதர்தான், முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் கிடையாது.

வீட்டில் என்னைப் பையனாக வளர்த்தார்கள். நானும் என்னால் முடிந்தவரை வளர்ந்து பார்த்தேன். மீசை வருவேனா மாட்டேனா என்று இழுத்தது, உடம்பு அதன் இஷ்டத்துக்குப் போனது, மனசு எந்தப் பக்கமும் போய் உட்கார மறுத்தது. "ஆம்பளைன்னு சொல்லு, இல்ல பொம்பளைன்னாவது சொல்லு, எதையாவது ஒண்ணைச் சொல்லித் தொலை" என்று அப்பா கடைசியாகக் கேட்டார். இரண்டுமே பொய்யாகத் தெரிந்தது. கதவு சாத்தப்பட்டபோது நான் வெளியே இருந்தேன். அதற்குப் பிறகு எப்போதாவது ஃபோன் செய்தால் அம்மா எடுப்பார். "அம்மா" என்பேன். "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். என் குரல் தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான்.

எனக்கு ஆட்கள் கிடைத்ததும் ஃபோனில்தான். ஒரு நாள் சிலிண்டர் கேட்டு யாரோ கூப்பிட்டார்கள். முகவரி சொன்னார்கள், டயர் கடை மாடி என்று அடையாளம் சொன்னார்கள், பதிவு எண்ணைச் சொல்லாமல் என்னை இரண்டு தடவை பேச வைத்தார்கள். "ஏய், நீ நம்மாளா?" என்றது அந்தக் குரல். அதுவரை நான் யாருடைய ஆளும் இல்லை. "சிலிண்டரோட நீயும் வா, டீ போட்டுத் தரேன்" என்று வைத்துவிட்டார். அவர்தான் நெட்டை. கார் கழுவும் இடத்தில் வேலை, ஏணி வைக்காமல் வேனின் கூரையைத் துடைப்பார்.

டயர் கடை மாடியில் மூன்று பேர் இருந்தார்கள், நான் போனதும் நான்கு. நெட்டை, சோபா உறை தைக்கிற தையல், அப்புறம் வெல்டர். எந்நேரமும் ரப்பர் வாடை அடிக்கும் வீடு. அங்கே யாரும் யாரையும் நீ என்னவென்று கேட்பதில்லை. கோபம் வந்தால் டா, கொஞ்சல் வந்தால் டி, அவ்வளவுதான் கணக்கு. வெல்டர் வீட்டுக்குள் பாவாடை கட்டிக்கொண்டு, மேலே பட்டறைச் சட்டை போட்டுக்கொண்டு, சிகரெட்டோடு ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். வெளியே யாராவது "நீ ஆம்பளையா பொம்பளையா?" என்று சீண்டினால், "வெல்டர்" என்பார். கேட்டவன் வாயைப் பொத்திக்கொண்டு போவான், இவர் கையில் சுத்தியல் இருக்குமல்லவா.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து ஃபோன் வந்தால் யாருக்கு எந்தக் குரல் வேண்டுமோ அதை இன்னொருவர் கொடுக்க வேண்டும். நெட்டையின் அக்காவுக்குத் தையல்தான் விடுதி வார்டன். தையலின் அப்பாவுக்கு வெல்டர்தான் சூப்பர்வைசர், "பையன் தங்கமான பையன் சார்" என்று அடித்தொண்டையில் பேசுவார், பையன் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருக்கும். சொல்லிக் கொடுத்ததற்கு மேல் பேசக்கூடாது. ஃபோன் வைத்ததும் குரல் வாங்கியவர் குரல் கொடுத்தவருக்கு டீ போட்டுத் தர வேண்டும். இதுதான் சட்டம். வெளியே இருந்து பார்த்தால் ஏமாற்று வேலை. எங்களுக்கு அது வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்க இருந்த ஒரே நூல்.

வெல்டரின் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்து உயிரை வாங்கினார். பெண் பார்க்கவே கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும் வெல்டர் உளறிவிட்டார், "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா, கூட இருக்கிற பொண்ணுதான்." அந்தப் பக்கம் ஒரே அழுகை. அழுது முடித்ததும், "சரி, ஃபோனை அவகிட்டக் குடு" என்றார். வெல்டர் திருதிருவென்று முழித்துவிட்டு ஃபோனை என் கையில் திணித்தார்.

"அத்தை" என்றேன்.

"சாப்ட்டியாம்மா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான் மருமகள். ஃபோன் வந்ததும் முதுகை நிமிர்த்தி உட்காருவேன், தொண்டையைச் செருமி, குரலை மெல்லிசாக மேலே தூக்கி வைத்துக்கொள்வேன். பட்டன் ஃபோன் என்பதால் முகம் காட்டுகிற தொல்லை இல்லை. ஒரு பகல் ஒரு இரவு பயணம், அத்தைக்கு முட்டி வலி, வரவும் மாட்டார். ஒரு ஃபோட்டோவாவது அனுப்பச் சொன்னபோது வெல்டர், அவளுக்கு ஃபோட்டோ எடுத்தால் பிடிக்காது என்றார். "அழகா இருக்கிறவளுங்களுக்குத்தான் அந்தத் திமிரு வரும்" என்று அத்தை சிரித்தார். எதிர்வீட்டுக்காரியின் வாய், ஒழுகும் குழாய், கால் வீக்கம், தூக்கமில்லாத ராத்திரி என்று மகனிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் கொட்டுவார். "மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்று நான் அதட்டினால் சின்னப் பிள்ளை மாதிரி, "இதோ போடப் போறேன்டி" என்பார். எங்கள் சட்டப்படி சொல்லிக் கொடுத்ததைத்தான் பேச வேண்டும். நான் எப்போதோ அதைத் தாண்டிவிட்டேன். வெல்டருக்கும் தெரியும், டீயில் சர்க்கரைதான் கூடியது. காதலா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த ஞாயிறு. முதல்நாள் எங்கேயோ தின்ற ஏதோ ஒன்று வயிற்றைக் கலக்கியது. அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வெல்டர் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். சத்தம் அத்தைக்குக் கேட்டிருக்கிறது.

"எத்தனை நாளாடா இப்படி?"

"நேத்துலேருந்தும்மா."

"அடப்பாவி! அவ வாயும் வயிறுமா இருக்கா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

அந்தப் பக்கம் அத்தை சிரிக்கவும் அழவும் ஒன்றாக ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வது கூடக் கேட்டது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே தவிர, இல்லை என்று சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. "எங்கப்பா போனதுக்கப்புறம் அம்மா இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல" என்றார் வெல்டர். "ரெண்டு வாரம் சந்தோஷமா இருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"கலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு, ஊர்ல நடக்காததா?" என்றார் தையல்.

"நீ சொல்றியா? வா, இப்பவே நம்பர் போட்டுத் தரேன்" என்று வெல்டர் எரிந்து விழுந்தார். யார் சொல்வது? ஒவ்வொரு ஞாயிறும் இந்தத் தடவை என்று உட்காருவோம். அத்தை எப்படிப் படுக்க வேண்டும், எதைத் தூக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போவார். நான் "சரி அத்தை, சரி அத்தை" என்பேன். இல்லாத பிள்ளை மாசா மாசம் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பிள்ளையை நாங்கள் முடித்துவைப்பதற்குள் வெல்டர் முடிந்துபோனார். பழைய இரும்புப் பீப்பாயை வெட்டக் கொடுத்திருக்கிறார்கள், காலிதான் என்று சொல்லி. உள்ளே என்ன இருந்தது என்று கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கின முதலாளியும் கேட்கவில்லை. நெருப்புப் பட்டதும் வெடித்தது. நெட்டை ஏஜென்சி எண்ணுக்கே அழைத்து அழுதார். நான் பழக்கத்தில் "வணக்கம், உங்க பதிவு எண் சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் பட்டறை முதலாளி நெட்டையை ஓரமாகக் கூப்பிட்டார். வெல்டரின் அம்மா, தன் தம்பியோடு வண்டி பிடித்து வந்துகொண்டிருக்கிறாராம். "என் மருமக பிள்ளைத்தாச்சி, அவளைத் தனியா விட்டுடாதீங்கன்னு அந்தம்மா ஃபோன்ல அழுவுது. எந்த மருமக? இவனுக்கு எப்பய்யா கல்யாணம் ஆச்சு?"

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். தையல் எழுந்து போய் சோபாவுக்கு வைக்கிற பஞ்சை எடுத்துக் கத்தரியால் வட்டமாக வெட்ட ஆரம்பித்தார். எனக்கு முதலில் புரியவில்லை.

"நாலு மாச வயித்துக்கு இவ்ளோ போதும்" என்றார். "தலையில துணியைப் போட்டுக்கோ. அழுதுக்கிட்டே இருந்தா முகத்தை யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு..."

"கழிச்சு?"

"அதிர்ச்சியில கலைஞ்சு போச்சுன்னு."

"பேசாம அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிடலாம்" என்றார் நெட்டை.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பஞ்சைப் பிடுங்கி வீசினேன். "ஏன்டா, செத்தது நம்ம வெல்டர்டா! இன்னும் வேஷம் கட்டிக்கிட்டே இருக்கணுமா? அந்தம்மா செத்த பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வருது, அதுகிட்ட பஞ்சைக் காட்டச் சொல்றியா?"

"இப்படியே போனா அடிப்பாங்கடி" என்றார் தையல்.

"அடிக்கட்டும்."

உண்மை பேசப் போகிறேன் என்கிற பெருமையெல்லாம் எனக்கு இல்லை. அத்தையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மாவும் வேண்டாம் என்ற பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது அவர் ஒருவர்தான். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், பார்த்தால் அவரையும் இழந்துவிடுவேன் என்பதும் தெரிந்தேதான் கிளம்பினேன். எப்போதும் போடுகிற தொளதொள சட்டை, காதில் சின்னத் தோடு, மழிக்காத முகம்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பிணவறைக்கு முன்னால் ஒரு நடை. ஒரு பெஞ்சு, சுவரில் பச்சை பெயின்ட், மருந்து வாடை. பெஞ்சில் ஒரு சின்ன உருவம் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் கற்பனை செய்து வைத்திருந்த அத்தை இன்னும் கொஞ்சம் பருமன். பக்கத்தில் அவர் தம்பி, வெல்டரின் தாய்மாமன், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நெட்டையும் தையலும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"யாருப்பா நீ?" என்றார் மாமன்.

"கூட தங்கியிருந்தவங்க."

குரலைத் தூக்கவும் இல்லை, செருமவும் இல்லை, அதற்கெல்லாம் எங்கே நினைவு இருந்தது? பெஞ்சில் இருந்த தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"அம்மாடி!" என்றார் அத்தை. எழுந்துவிட்டார், முட்டி வலியோடு. "வந்துட்டியா? எங்கம்மா இருக்க?" என்று என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே நெட்டையின் முகத்தைப் பார்த்தார், தையலின் முகத்தைப் பார்த்தார். அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. "பேச்சு கேட்டுச்சே... முன்னாடி வாம்மா, நிக்காத, கால் வலிக்கும்."

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. ஞாயிறுதோறும் நான் குரலை மாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேனே, எதையும் மாற்றியிருக்கவில்லை. வாடகைக்குக் கொடுத்த குரல் என்று எதுவும் இல்லை. கேஸ் ஏஜென்சியில் சாரென்றும் மேடமென்றும் கூப்பிட்டதும், அம்மா ராங் நம்பர் என்று வைத்ததும், அத்தை கண்ணே என்று கூப்பிட்டதும் ஒரே குரலைத்தான். அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று நான் இத்தனை காலம் மண்டையைப் போட்டு உடைத்தேன். அது என்னுடையது. இதைப் புரிந்துகொள்ள வேறு இடமா கிடைக்கவில்லை எனக்கு!

"அத்தை, நான்தான்" என்றேன்.

அவர் பார்வை வாசலிலிருந்து திரும்பி வந்தது. என் தாடையில் நின்றது, நெஞ்சில் நின்றது, வயிற்றுக்கு இறங்கியது. அங்கேயே இருந்தது.

"பிள்ளை?" என்றார்.

"இல்ல அத்தை. எப்பவுமே இல்ல. அன்னைக்கு வயித்துக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். நீங்க சந்தோஷப்பட்டீங்க, எங்களுக்குச் சொல்ல வாய் வரல."

மாமன் அடித்த அடியில் காது கொய்யென்றது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது நெட்டை பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார். "எங்க பையனை என்னடா பண்ணி வச்சீங்க? என்ன பொழப்புடா இது, த்தூ!" என்று மாமன் கத்தினார். அத்தை யாரையும் தடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "ஒரே நாள்ல மூணு பேரா?" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "என் பிள்ளை, என் பேரப்பிள்ளை, என் மருமக. மூணு பேரையுமா?"

உள்ளேயிருந்து ஊழியர் வந்தார். அடையாளம் காட்ட ரத்த சொந்தம் வேண்டும், முகம் பார்க்கிற மாதிரி இல்லை, திடமானவர்கள் வாருங்கள் என்றார். மாமன் ஓர் அடி வைத்தார், கதவு திறந்ததும் அடித்த வாடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். இவ்வளவு நேரம் கையை ஓங்கிய ஆள்.

அத்தை எழுந்தார். கண்ணைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் காற்றில் நீட்டினார்.

"நான் உன்னைப் பாக்க மாட்டேன்" என்றார். "அவனையும் பாக்க முடியாது என்னால. நீ பாத்துச் சொல்லு. பேசிக்கிட்டே வா."

கையைப் பிடித்தேன். சூடாக, சொரசொரவென்று இருந்தது. நான்கு பேர் நிற்கக்கூடிய சின்ன அறை. ஊழியர் துணியை விலக்கினார். மேல்பக்கத்தை நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. கால்கள் மட்டும் பட்டறை பூட்ஸுக்குள் இருந்ததால் தப்பித்திருந்தன, இரண்டு பாதமும் முழுசாக, சுத்தமாக.

"என் பிள்ளைதானா?"

"ஆமா அத்தை. நம்ம வெல்டர்தான்."

"எதை வச்சுச் சொல்ற? பொய் சொல்லாத. இனிமேலாச்சும் பொய் சொல்லாத."

"கால் நகத்துக்கு நீலச் சாயம் பூசியிருக்கு அத்தை. பூட்ஸுக்குள்ள யாருக்கும் தெரியாதுன்னு அவங்களுக்கு ரொம்ப இஷ்டம்."

அத்தையின் நகங்கள் என் உள்ளங்கையில் அழுந்தின. ஊழியர் வேறு பக்கம் பார்த்தார்.

"ஒழுங்கா பூசியிருக்கானா?" என்றார்.

"ஒழுங்கா பூசியிருக்கு அத்தை."

"சின்னதுல எதைச் செஞ்சாலும் அரைகுறையாத்தான் செய்வான்" என்றார். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் தம்பி பாக்கறதுக்குள்ள மூடிடு. துடைக்க வேணாம். மூடு" என்றார்.

மூட அங்கே அந்தத் துணியைத் தவிர எதுவும் இல்லை, அதை யார் விலக்கினாலும் தெரிந்துவிடும். என் ஷூவைக் கழற்றி, என் சாக்ஸை உருவி வெல்டரின் கால்களில் மாட்டினேன். விறைத்த கால்களில் ஏறவில்லை, இழுத்து இழுத்து ஏற்றினேன். மாட்டி முடிக்கும்வரை அத்தை என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையின் பாரம் இப்போதும் தோளில் இருக்கிறது.

சாயங்காலம் வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் மூன்று பேரையும் கிட்டே வரக்கூடாது என்று மாமன் சொல்லிவிட்டார். எந்த வழி, அடக்கம் எங்கே, எப்போது, கேட்கவும் விடவில்லை. தையல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெட்டை வாய்விட்டு அழுதார். வண்டி கிளம்பும் நேரத்தில் அத்தை கண்ணாடியை இறக்கி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். ஓடிப் போனேன். முகத்தை நேராக முன்பக்கமே வைத்திருந்தார்.

"இனிமே ஃபோன் பண்ணாதம்மா" என்றார். "உன் குரலைக் கேட்டா எனக்குப் பேரப்பிள்ளை ஞாபகம் வருது."

நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சரி என்று வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது.